பட்டறைப் பக்கம்: கத்திரி வெயிலும் கார்புரேட்டர் கார்களும்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு ஒரே புகார்தான். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, வெயிலில் திடீரென்று நின்றது, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிட்டது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்குத்தான். பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1984 அம்பாசிடர், பெட்ரோல். போன மே மாதம் குடும்பத்தோடு குன்னூர் போனோம். பர்லியார் தாண்டியதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை இருமி, நின்றேவிட்டது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. முக்கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆனது. "வேப்பர் லாக்" என்கிறார் எங்கள் மெக்கானிக். தண்ணீரே கொதிக்காதபோது பெட்ரோல் எப்படிக் கொதிக்கும்?
— ஒரு வாசகர், திருப்பூர்

நல்ல கேள்வி. சமவெளியில் தண்ணீருக்கு 100 டிகிரி என்று ஒரே கணக்கு. பெட்ரோல் அப்படி இல்லை, அது பல எண்ணெய்களின் கலவை. அதில் இருக்கும் லேசான சரக்கு 35, 40 டிகிரியிலேயே ஆவியாகக் கிளம்பும். கனமான சரக்கு போவதற்கு 200 டிகிரி வரை ஆகும். ஆக, உங்கள் ரேடியேட்டர் 85 டிகிரியில் நிம்மதியாக இருக்கும்போதே, பக்கத்தில் ஓடும் பைப்புக்குள் பெட்ரோல் குமிழி விடத் தொடங்கியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சூடு பாதிக் காரணம்தான், மீதிப் பாதி உறிஞ்சுதல். அம்பாசிடரில் டேங்க் பின்னால் இருக்கிறது. பம்ப் முன்னால், இஞ்சின் பிளாக்கோடு போல்ட் போட்டு முடுக்கி, இஞ்சினுக்குள் சுழலும் மேடுள்ள தண்டு, அதாவது கேம் ஷாஃப்ட், அடித்து ஓடுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து அது பெட்ரோலை ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பதுபோல் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். அந்தப் பம்ப் திரவத்தைத் தள்ளத்தான் செய்யப்பட்டது. உள்ளே ஆவி புகுந்துவிட்டால் டயாப்ரம் என்கிற பம்பின் சவ்வு மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும். ஆவி சுருங்கும், விரியும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. இதுதான் வேப்பர் லாக்.

இதோடு மலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் சொல்வார்கள் இல்லையா? 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பெட்ரோலுக்கும் அதே கதைதான். கல்லாறிலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியர், முன்னால் ஒரு லாரி, பானெட்டுக்குள் காற்றே நுழையாத வேகம். போதாததற்கு அம்பாசிடர் இஞ்சினில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில். அடுப்புக்கு மேலேயே தண்ணீர்ப் பானையை வைத்த மாதிரி.

நான் பட்டறையில் சேர்ந்த புதிதில் இதே சாலையில் ஒரு கல்யாண வண்டி நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் மூன்று சித்திகளும் பட்டுப்புடவையோடு சாலையோரம் நிற்கிறார்கள். எங்கள் மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, "நனைச்சுட்டு வா" என்றார். பலாப்பழக் கடையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்துக் கொண்டுவந்தேன். அதைப் பம்பின் மேல் மட்டும் சுற்றினார். "சுஸ்" என்றுகூடச் சத்தம் வரவில்லை, லேசாக ஆவி மட்டும் பறந்தது. பம்புக்கு அடியில் இருந்த கைலீவரைக் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே இருந்தார். முதலில் லீவர் தொளதொளவென்று ஆடியது. பத்து நிமிடம் போனதும் விரலுக்கு எதிர்ப்புக் கொடுத்தது. "வந்துருச்சு" என்றார். ஒரே செல்ஃபில் வண்டி கிளம்பியது. என் துண்டு திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் கைலீவர் உங்கள் பம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அடித்தும் பிடிமானமே கிடைக்கவில்லை என்றால் கேம் மேலே நிற்கும் நிலையில் இஞ்சின் நின்றிருக்கலாம். செல்ஃபை ஒரு தொடு தொட்டு இஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். ஈரத்துணி பம்புக்கும் பெட்ரோல் பைப்புக்கும் மட்டும்தான். அவசரத்தில் மேனிபோல்டு மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். காய்ந்த வார்ப்பிரும்பு பட்டென்று விரிசல் விடும், அப்புறம் செலவு வேறு கணக்கில் போகும்.

அடுத்த முறை மலை ஏறுவதற்கு முன் பைப் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். கம்பெனியில் போட்ட கிளிப் விழுந்து, பைப் தொங்கிப் போய்ச் சைலன்சருக்கு நாலு விரல் பக்கத்தில் நிற்கும். இதைப் பல வண்டியில் பார்த்துவிட்டேன். கார்புரேட்டருக்கு அடியில் கறுப்பாக ஒரு பேக்கலைட் தட்டு இருக்க வேண்டும். யாரோ கழற்றும்போது உடைத்துவிட்டு வெறும் பேக்கிங் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்தத் தட்டு சின்னதுதான், ஆனால் மேனிபோல்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். கார்புரேட்டருக்கும் சைலன்சர் மேனிபோல்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி வையுங்கள், எங்கும் ஒட்டாமல் காற்றுப் போக இடைவெளி விட்டு. டைமிங்கையும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும் பாருங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் நெருப்பு சிலிண்டருக்குள் முடியாமல் மேனிபோல்டு வரை வந்து எரியும், பானெட்டுக்குள் உலைதான்.

வேப்பர் லாக்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு இதற்காகப் பம்ப், கார்புரேட்டர் கிட், பைப் எல்லாம் மாற்றிவிட்டேன். இன்னும் நிற்கிறது.
— ஒரு வாசகர், வேலூர்

வேலூர் வெயிலில் ஹெரால்டா? முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு.

"வேப்பர் லாக்" என்று சொல்லி என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் அது வேப்பர் லாக் இல்லை. வெயிலில் நின்று, ஆறியதும் ஓடுவது எல்லாமே பெட்ரோல் கோளாறு ஆகிவிடாது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடானால் செத்து, ஆறினால் உயிர் பெறும். அந்த மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டெல்கோவுக்குள் இருக்கும் கண்டென்சரும் அப்படித்தான். இரண்டும் வேப்பர் லாக் மாதிரியே நடிக்கும்.

அதனால் நின்ற இடத்திலேயே, வண்டி ஆறுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, எவனுக்கும் தெரியாது. ஹெரால்டின் பழைய பம்பில் மேலே கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். சென்னையில் தயாரான அந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் அது. முன்பக்கம் முழுவதும் தூக்கித் திறக்கிற பானெட் வேறு, பார்ப்பதற்கு அவ்வளவு வசதி. கிண்ணம் தெளிவாக நிறைந்திருந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு, பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். கிண்ணத்தில் சோடா மாதிரி குமிழி வந்தாலோ, காலியாக இருந்தாலோ பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. புதுப் பம்பை மாற்றும்போது கிண்ணம் இல்லாத தகரப் பம்பைப் போட்டுவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. பழையதைத் தூக்கி எறியவில்லையே?

கிண்ணம் இல்லாவிட்டால் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள், இக்னிஷன் ஆஃப் செய்துவிட்டு. ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் ஒரு இழு இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, உங்கள் வியாதி வேறு. உலர்ந்திருந்தால் பட்டினி. சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டர் மாதிரி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் பீய்ச்சும் குட்டிப் பம்ப் இருக்கும் கார்புரேட்டருக்குத்தான் இந்தச் சோதனை. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டினி என்று தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கும் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. இதற்காக ஒருவர் ஒன்றரை வருடம் ஊர் ஊராக மெக்கானிக் மாற்றினார், கடைசியில் ஒரு ஊசியால் சரியானது. அடுத்து, டேங்கிலிருந்து பம்ப் வரும் ரப்பர் ஓஸ். உறிஞ்சும் பக்கத்தில் ரப்பர் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதே இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். டேங்க்கிற்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நாலு அங்குல ரப்பரை மாற்றினீர்களா?

அப்பா ஆசையாக வைத்திருந்த பத்மினி காரை அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். முன்பு இப்படி நின்றதே இல்லை. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். விலை அதிகமான பெட்ரோல் போட்டால் சரியாகுமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

அம்மணி, அப்பாவின் வண்டியை விற்காமல் வைத்திருப்பதற்கே உங்களுக்குப் பாதி மார்க்.

எத்தனாலுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. சுத்தமான எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும். கேட்க நல்லதாகத் தெரிகிறதா? பெட்ரோலோடு கலந்தால் அதன் குணமே வேறு. லேசான சரக்கு இன்னும் சுலபமாக ஆவியாகிவிடும். 5, 10 சதவீதம் கலக்கும்போதே இந்த விளைவு உச்சத்துக்குப் போய்விடுகிறது, 20 சதவீதத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் 20 சதவீதத்தில் வேறொரு தொல்லை. கார்புரேட்டர் கிண்ணம் 70 டிகிரியைத் தாண்டினால் கலவையில் பெரும்பகுதி ஒரே மூச்சில் பொங்கும். இந்த 20 சதவீதக் கலவை, அதாவது இ-20 பெட்ரோல், 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. உங்கள் பத்மினி உற்பத்தி அதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்பே நின்றுவிட்டது. அந்தக் காலத்து ரப்பருக்கும் டயாப்ரத்துக்கும் எத்தனால் பழக்கம் இல்லை. ரப்பர் ஊறும், மெதுவாகும், வெடிக்கும். அப்புறம் மேலே வேலூர்க்காரருக்குச் சொன்ன மாதிரி காற்று உறிஞ்சும்.

விலை அதிகமான பெட்ரோல் என்று நீங்கள் கேட்பது ஆக்டேன் அதிகமான பெட்ரோல். ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இஞ்சின் தட்டுவதைத் தாங்கும் சக்தி. எவ்வளவு சூட்டில் ஆவியாகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, எத்தனால் தாங்கும் ஓஸ் நாலு மீட்டர் வாங்குங்கள், டயாப்ரத்தையும் அதே தரத்தில் மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் மிக்சர் கொஞ்சம் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள், வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரியதாகப் போடச் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறைதான் ஓட்டுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்க்கை அரைகுறையாக வைத்து நிறுத்தாதீர்கள். அதைவிட, வாரம் ஒருமுறை ஆனைமலை வரையாவது போய் வாருங்கள்.

பெட்ரோல் பைப்பில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டினால் வேப்பர் லாக் வராது என்கிறார் மாமா. உண்மையா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன், உலகம் பூராவும் இதைச் செய்கிறார்கள். மரம் சூட்டைக் கடத்தாது. அதனால் கிளிப் மாட்டியதால் பைப் குளிர்ந்துவிடாது. வண்டி நின்றதும் வீட்டுக்குப் போய் ஒரு டஜன் கிளிப் தேடி எடுத்து வந்து மாட்டி முடிப்பதற்குள் இஞ்சின் ஆறிவிடும். பெருமை கிளிப்புக்குப் போய்விடும்.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஓடும்போது நிற்பதில்லை. அம்பாசிடர்தான்.
— ஒரு வாசகர், கரூர்

உங்களுடையது வேப்பர் லாக் இல்லை, அதற்கு நேர் எதிரானது. வண்டியை நிறுத்தியதும் ஃபேனும் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். ஆனால் இஞ்சின் பிளாக்கின் சூடு எங்கும் போகாது, மேலே ஏறும். அதனால் நிறுத்திய அடுத்த கால் மணி நேரத்தில்தான் பானெட்டுக்குள் சூடு அதிகம். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் பொங்கி, இஞ்சினுக்குள் கலவை போகும் இன்டேக் மேனிபோல்டுக்குள் வழிந்துவிடும். பிளக் நனைந்து போகும். பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறதா? அப்படியானால் அதுதான்.

ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போகும். கடைசி வரை ஒரே அமுக்காக அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் போய் மிக்சர் சரியானதும் கறுப்புப் புகையோடு பிடிக்கும். சோக்கைத் தொடவே கூடாது. டீ குடிக்கும் நேரத்தில் பானெட்டை ஒரு சாண் திறந்து வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை. பத்து நிமிட டீக்குத்தான் இந்தத் தொல்லை. ஒரு மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வந்தால் தானாகவே ஆறியிருக்கும்.

வேப்பர் லாக் தொல்லைக்கு எலெக்ட்ரிக் பம்ப் போடலாம் என்று இருக்கிறேன். பழைய மாருதியின் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?
— ஒரு வாசகர், சேலம்

எலெக்ட்ரிக் பம்ப் போடுங்கள். அந்தப் பம்பை மட்டும் போடாதீர்கள்.

அது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிக்கான பம்ப், 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். உங்கள் கார்புரேட்டரில் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்குவது மூன்று, மிஞ்சினால் நாலு. ஒரு அம்பாசிடரில் அப்படி மாட்டிக்கொண்டு வந்தார்கள். கோவை உக்கடத்திலிருந்து பட்டறை வரை நான் பின்னாலேயே வந்தேன், வழியெல்லாம் பெட்ரோல் நாற்றம். பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் மேல்மூடியிலிருந்து வழிந்து மேனிபோல்டு மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டி எரியாமல் வந்து சேர்ந்தது அவர் செய்த புண்ணியம். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

கார்புரேட்டர் வண்டிக்கென்றே 2, 3 பிஎஸ்ஐ தரும் பம்ப் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். டேங்க்குக்குப் பக்கத்திலேயே, டேங்க் மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். அதன் வேலை தள்ளுவது, உறிஞ்சுவது அல்ல. பின்னாலிருந்து தள்ளும்போது பைப் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும், அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் கொதிக்காது. இஞ்சின் மேல் இருக்கும் பழைய பம்பை வழியிலிருந்து எடுத்துவிட்டு, ஓட்டையைத் தகடு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது டயாப்ரம் கிழிந்து, புதுப் பம்ப் பெட்ரோலை நேராக ஆயில் சம்ப்புக்குத் தள்ளும். வயரை நேராகச் சாவிக்குக் கொடுக்காமல் ரிலே வைத்து, ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். விபத்தில் இஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போக ஆசைப்பட்டால், கார்புரேட்டருக்கு முன்னால் பைப்பில் 'டீ' என்கிற மூன்று வழி இணைப்பு ஒன்று வைத்து, ஒரு மில்லிமீட்டர் துளை வழியாக டேங்க்குக்கே திரும்பும் பைப் ஒன்று ஓடவிடுங்கள். பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் நின்று சூடாகாது, குமிழி வந்தாலும் திரும்பி டேங்க்குக்குப் போய்விடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, கார்புரேட்டர் காலத்துப் பல வண்டிகளில் கம்பெனியே செய்த வேலைதான்.

என் மோரிஸ் மைனரில் பம்ப் எலெக்ட்ரிக்தான். ஆனாலும் மே மாதத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?
— ஒரு வாசகர், காரைக்குடி

எலெக்ட்ரிக்தான், ஆனால் அது இருப்பது பானெட்டுக்குள், இஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில். அங்கிருந்து அதுவும் உறிஞ்சத்தான் வேண்டும். சேலத்துக்காரருக்குச் சொன்ன நன்மை உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் உங்களிடம் வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது, அந்தப் பம்பின் சத்தம். வண்டி ஆறியிருக்கும்போது சாவியைத் திருப்பிக் கேளுங்கள்: டிக், டிக், டிக்... கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். வெயிலில் நின்றுபோனதும் அதேபோல் சாவியைத் திருப்புங்கள். ஓயாமல் படபடவென்று அடித்தால் பம்புக்குள் பெட்ரோல் இல்லை, ஆவியோ காற்றோ இருக்கிறது. ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருங்கள். படபடப்பு மெதுவாகி, டிக் டிக் என்று இறங்கி நின்றால் கிளம்பலாம். சத்தமே வராவிட்டால் பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பாயின்ட் ஒட்டியிருக்கலாம், ஸ்பேனர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். அப்படி இரண்டு தடவைக்கு மேல் தட்ட வேண்டி வந்தால் கழற்றிக் கொண்டுவாருங்கள், பாயின்ட் தேய்த்துக் கொடுக்கிறேன்.